பிரேக் இல்லாத சைக்கிளில் மருத்துவச்சி

என் தம்பி உயிரோடு பிறந்ததில் பாதிப் பங்கு தன் சைக்கிளுக்கு உண்டு என்று சித்தப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மீதிப் பாதி யாருடையது என்பதில் அவருக்கும் அம்மாவுக்கும் ஒத்துவரவே இல்லை.

சித்தப்பா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுச் சென்ற சைக்கிள் அவருக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் குடியிருந்த தட்டி வீடுகளில் அதற்கு முன் யாரிடமும் சைக்கிள் இருந்ததில்லை. அதன் டயர்கள் காற்றடைத்தவை. எங்கள் பக்கத்துப் பாதையெல்லாம் முள். காலையில் சித்தப்பா சைக்கிள் மேல் வேலைக்குப் போவார். சாயங்காலம் சைக்கிள் அவர் தோள் மேல் ஏறி வீடு திரும்பும்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருந்த ட்யூபை உருவி எறிந்துவிட்டு, டயருக்குள் நார்க்கயிற்றைத் திணித்து இறுக்கினார். இனி எந்த முள்ளும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வண்டி கனத்துவிட்டது. ஏறி உட்கார்ந்தால் பல்லெல்லாம் ஆடியது. அதோடு, கயிறு தின்ற டயர் புடைத்துக்கொண்டதால், முன்சக்கரத்தை மேலிருந்து அழுத்தும் பிரேக் கட்டை அதன் மேலேயே உட்கார்ந்து வண்டியை நகர விடவில்லை. சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். பிரேக்கைக் கழற்றிவிட்டார்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. சக்கரம் சுற்றும்போது பெடலும் சேர்ந்தே சுற்றுகிற வண்டி அது, காலால் எதிர்த்து மிதித்தால் நின்றுவிடும் என்று சித்தப்பா விளக்கினார். சமதரையில் ஓட்டியும் காட்டினார். நின்றது. நான் கைதட்டினேன்.

அம்மாவுக்கு அப்போது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய பிரசவத்தில் மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

வலி கண்டது ஒரு நடுப்பகலில். அப்பா ஷிப்ட்டுக்குப் போய்ப் பூமிக்கடியில் இருந்தார். மேலே வரச் சாயங்காலமாகும். பக்கத்து வீட்டு அத்தை அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, போன தடவ மாதிரி ஆயிடக் கூடாது. சீக்கிரம் போங்க. இவளயும் இட்டுனு போங்க, பொண்ணப் பாத்தாதான் மருத்துவச்சியம்மா நம்பி வருவாங்க."

மருத்துவச்சி இரண்டு மைல் தள்ளி ஒரு மேட்டின் மேல் குடியிருந்தார். முள் நிறைந்த குறுக்குப் பாதையில் சித்தப்பா என்னை முன்கம்பியில் உட்கார வைத்து மிதித்தார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேட்டில் மட்டும் இறங்கித் தள்ளினோம்.

மருத்துவச்சி கனத்த உடம்புக்காரர். சைக்கிளை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். மாட்டு வண்டி கேட்டு ஆளனுப்பலாமா என்றார். அது வந்து சேர ஒரு மணி நேரமாகும் என்றார் சித்தப்பா. நான் அழ ஆரம்பித்தேன். மருத்துவச்சி தன் மூட்டையை என் மடியில் வைத்துவிட்டுப் பின்பலகையில் ஒருக்களித்து உட்கார்ந்தார்.

"இன்னாப்பா, இது நிக்குமா?"

"நிக்கும்மா," என்றார் சித்தப்பா.

இறக்கத்தில் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். மூன்று பேர் கனத்தோடு வண்டி உருளத் தொடங்கியதும் பெடல்கள் சித்தப்பாவின் கால்களை உதறித் தள்ளிவிட்டுத் தாமாகச் சுற்றின. மருத்துவச்சி தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் தெலுங்கிலும் தமிழிலும் கூப்பிட்டார். நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காற்று காதை அறைந்தது. ரப்பர் தீய்வது போல ஒரு வாடை வந்தது. பிறகு வேகம் கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது. சட்டென்று வண்டி ஒரு பக்கம் திரும்பியது. அடுத்த கணம் என் வாயெல்லாம் மணல்.

தங்கம் எடுத்த பிறகு மில்லிலிருந்து கொட்டும் சாம்பல் நிற மணல் அங்கே குன்றாகக் குவிந்து கிடந்தது. சித்தப்பா வண்டியை அதில் கொண்டுபோய்ச் செருகியிருந்தார். மருத்துவச்சி இடுப்பளவு மணலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூச்சு விடாமல் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் கை கால்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

"இன்னா பாத்துனு நிக்கிற? மூட்டைய எடு. ஊடு எந்தப் பக்கம்?"

வீடு அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். அவர் முன்னால் நடக்க, நான் மூட்டையோடு ஓடினேன். சித்தப்பா வண்டியோடு மணலிலேயே தங்கிவிட்டார். வாசலில் நின்று எவ்வளவு நேரம் காத்திருந்தேனோ தெரியாது. அம்மாவின் சத்தம் அடங்கியபோது தட்டியில் காதை வைத்தேன். பிறகு உள்ளே ஒரு புதுக்குரல் வீறிட்டது. பக்கத்து வீட்டு அத்தை வெளியே வந்து தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம்; இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குழந்தை பிழைத்திருக்காதாம். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, உடம்பெல்லாம் புழுதியோடு அப்படியே நின்று, அந்த அழுகையைக் கேட்டுச் சிரித்தார்.

அடுத்த நாளிலிருந்து சித்தப்பா வலது காலின் முன்பாதம் தரையில் படாமல், குதிகாலை மட்டும் ஊன்றி வாத்து மாதிரி நடந்தார். எனக்கு அது பெரிய வேடிக்கை. அவர் பின்னாலேயே நானும் குதிகாலில் நடந்தேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, இன்னும் கோணலாக நடந்து காட்டுவார்.

அந்த இறக்கத்தில் அவர் வெறுங்காலை முன்சக்கரத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டே வந்தார் என்பதும், முன்பாதத்தின் தோல் முழுக்க உரிந்துபோயிற்று என்பதும், என் முதல் பிரசவத்துக்கு அதே மருத்துவச்சி வந்தபோது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தம்பியைக் குளிப்பாட்டிய பிறகு மிச்சமிருந்த வெந்நீரில் வீட்டுக்குப் பின்னால் வைத்து அந்தக் காலைக் கழுவிக் கட்டியவர் அவர்தான்.

தீட்டு கழிந்து அம்மா எழுந்து அடுப்படிக்கு வந்த அன்று, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா அப்பாவைத் தாண்டிப் போய் முதலில் சித்தப்பாவின் தட்டில் சோற்றைப் போட்டாள். அப்பா தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தார். முறை தப்பிவிட்டது என்று நான்தான் சத்தமாகச் சொல்லி அம்மாவைத் திருத்தப் பார்த்தேன்.