பேச்சி தூங்கும் தெரு

தெருமுனைக்கு வந்ததும் சோணைமுத்து டி.வி.எஸ். வண்டியின் இன்ஜினை நிறுத்திவிடுவார். பின்னால் இரண்டு கூடை நிறையக் குண்டடத்துத் தக்காளியும் கத்தரியும். அத்தனை பாரத்தையும் கையால் உருட்டிக்கொண்டுதான் எங்கள் தெருவுக்குள் வருவார். வேலம்பாளையத்தின் மற்ற தெருக்களில் அவருடைய "தக்காளியேய்" மொட்டை மாடி வரை கேட்கும். இங்கே மட்டும் சன்னல் கம்பியை நகத்தால் தட்டி, வாயை அசைத்துக் காய்களின் பெயரைச் சொல்வார். நடு வீட்டில் அவர் மகள் பேச்சி தூங்குகிறாள்.

"ஏஞ்சாமி, எல்லாரு ஊட்லயுந்தான் கொழந்தைக தூங்குதுங்க. நீங்க மட்டும் ஏனுங்க ஊமையாட்ட வர்றீங்க?" என்று அவர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா தெய்வாத்தாள் ஒருநாள் கேட்டார்.

"இது ரொம்பப் பாடுபட்டு ஒறங்கப் பழகுன புள்ளம்மா," என்றார் சோணைமுத்து. அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். முன்பு பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டினார். அந்த இரைச்சலில் கத்திக் கத்தியே குரல் பெருத்துவிட்டது. கர்ப்பமாயிருந்த மனைவி நாகஜோதிக்கு ஏழாம் மாதம் தொடங்கிய கையோடு ரத்த அழுத்தம் எகிற, கோவையில் அவசரமாக வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். ஒரு கிலோகூட இல்லை. தோலுக்கடியில் நரம்பெல்லாம் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மகளை முதலில் பார்த்துவிட்டு வந்தவர், படுக்கையில் கிடந்த மனைவியிடம், "நெத்தி அப்படியே ஒன்னைய மாதிரி," என்று மட்டும் சொன்னாராம்.

"பச்சப் பொய்யிங்க. நெத்தி பூராம் பிளாஸ்திரியில்ல ஒட்டியிருந்துச்சு," என்று நாகஜோதி இன்றும் சிரிக்கிறார். ஹர்ஷிதா என்று பெயர் வைக்க அவருக்கு ஆசை. ஆனால் அந்த நாட்களில் சோணைமுத்து ஊர்ப் பேச்சியம்மனிடம் பேரம் பேசி முடித்துவிட்டிருந்தார்.

அவ்வளவு சிறிய குழந்தைகள் சில நேரம் மூச்சுவிட மறந்துவிடும். அப்போது உள்ளங்காலை விரலால் சுண்ட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் சோணைமுத்துவின் நடுவிரல் சுண்டத் தயாராக வளைந்தே இருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. போன மாதம் பல்லடம் பஸ்ஸில் யாரோ ஒரு பெண்ணின் மடியில் அசந்து தூங்கிய குழந்தையைச் சுண்டி எழுப்பிவிட்டார். பஸ்ஸே திட்டியது. "கை அதுபாட்டுக்குப் போயிருச்சு தாயி," என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாராம்.

பேச்சியின் நுரையீரல் பலவீனமானது. சளி பிடித்தால் நிமோனியாவில் போய் நிற்கும். இரண்டாவது முறை ஆக்சிஜன் வைத்தபோது, வீட்டில் யாராவது பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். சோணைமுத்து குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பை மடிப்பில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து மார்கழிக் குளிரிலும் வாசல் குழாயடியில் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார். அப்படியும் மனம் ஆறவில்லை. வேலையையே விட்டுவிட்டார்.

முதலாளி மயில்சாமி வீடு தேடி வந்தார். "உங்களாட்ட ஆபரேட்டரு எனக்கு எங்கீங்க கெடைக்கும்?"

"மெஷினுக்கு ஆள் கெடைக்கும் மொதலாளி. இந்தப் புள்ளைக்கு ரெண்டே ஆபரேட்டருதான். நாகஜோதி ஒரு ஷிப்டு, நான் ஒரு ஷிப்டு."

பேச்சிக்கு இப்போது மூன்று வயது. தலையைச் சுற்றி நாடா கட்டிய தடித்த கண்ணாடி. நடக்கத் தொடங்கியதே இரண்டு வயதுக்குப் பிறகுதான். ஆனால் கூடைக்குள் கைவிட்டு, "இது சொத்த, வேணாம்," என்று அப்பாவின் கத்தரிக்காயைத் தெருவில் எறிவதில் கெட்டிக்காரி. போன தடவை டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "மூச்சு நல்லாயிருக்கு. எடை பத்து கிலோ வந்துட்டா மாசாமாசம் அலைய வேண்டாம்," என்று சொல்லியிருந்தார்.

நேற்று பால்வாடியில் குழந்தைகளுக்கு எடை போட்டார்கள். உத்தரத்தில் தொங்கிய தராசின் துணித்தொட்டிலில் டீச்சர் பேச்சியை உட்கார வைத்தார். முள் பத்தைத் தாண்டியது. "அட, தேறிட்டா!" என்றார் டீச்சர். நாகஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இருங்க டீச்சர்," என்றார் சோணைமுத்து. மகளைத் தூக்கி இறக்கினார். செருப்பைக் கழற்றினார். கொலுசைக் கழற்றினார். மூடியிருந்த கையைப் பிரித்து, கடித்து வைத்திருந்த கொய்யாத் துண்டையும் வாங்கிக்கொண்டார். மறுபடி தொட்டிலில் வைத்துக் கையை எடுத்தார்.

முள் கொஞ்சம் ஆடிவிட்டுப் பத்திலேயே நின்றது.

சோணைமுத்து கொய்யாத் துண்டைச் சட்டையில் துடைத்து, தொட்டிலில் ஆடிக்கொண்டிருந்த மகளின் வாயில் வைத்தார்.