மாட்டுவண்டியில் போன பாய்வள்ளம்

கடலில்லாத ஊரில் பாய்வள்ளம் வைத்திருப்பவன் காற்றோடு போராடுவது கொஞ்சம், மனிதர்களோடு போராடுவதுதான் அதிகம். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டியில் வாத்தியாராக இருந்தபோது, அந்தப் போராட்டத்தை நான் முழுநேரத் தொழில்போலச் செய்தேன். இன்றும் எங்கோ ஒரு கொட்டிலில் வள்ளத்தை வைத்துக்கொண்டு, அயலவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைத்திருக்கும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்தவன். பாய்க்கயிறு பிடித்துப் பழகிய கை, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியோடு எவ்வளவு காலம் சும்மா இருக்கும்? ஒரு சின்ன வள்ளம் வாங்கினேன். நான்கு பேர் இருக்கலாம்; பாய்மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்தால் மாட்டுவண்டியில் ஏற்றலாம். மனைவி, மகன், மகளோடு மகாவலியில் ஒரு பகல் ஓடிவிட்டு, பொழுதுபட வீடு திரும்பவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

என் மனைவி தங்கம்மா கிணற்றுத் தண்ணீரை மட்டும் நம்பும் ஊரில் பிறந்தவள். முற்றத்தை அடைத்துக் கிடந்த வள்ளத்துக்கு அவள் கெடு வைத்தாள். ஆகஸ்ட் விடுமுறை முடிவதற்குள் நால்வரும் ஒருமுறையாவது பாயில் ஓடவேண்டும். இல்லாவிட்டால் வள்ளம் வண்டிக்கார ஹமீது நானாவுக்குப் போகும். மடவளையைச் சேர்ந்த நானா பாக்கு வியாபாரமும் செய்தார். பாக்கு ஊறப்போட அவருக்கு ஒரு பெரிய தொட்டி தேவைப்பட்டது. வள்ளத்தை வண்டியில் ஏற்றும்போதெல்லாம் அதன் வயிற்றை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாங்கிய அன்று

வள்ளத்தை விற்றவர் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை. சீமைக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தார். நல்ல தேக்கு, நல்ல இணைப்பு. மலைக்குளத்தில் இதில் ஓடிய அனுபவங்களை அவர் கையை வீசி வீசிச் சொன்னார். நானும் ஒரு கடலோடி இன்னொரு கடலோடியைக் கண்ட மகிழ்ச்சியில், பேரம் பேசாமல் கைகுலுக்கினேன்.

துரை பங்களாவுக்குள் போன பிறகுதான், வள்ளத்தைத் தூக்க வந்த கங்காணி வாயைத் திறந்தார். அதற்குமுன் திறந்திருந்தால் என்ன குறைந்துவிடும்? அடியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டியபடி, மிகவும் அன்பாகச் சொன்னார்: "பத்திரமா கொண்டுபோங்க சார். இது தண்ணியையே பாத்ததில்லீங்க. தொரைசாணி அம்மா இதுலதான் ரோசாச்செடி வச்சிருந்தாங்க."

கட்டுகஸ்தோட்டையில் வெள்ளம்

மண்ணைக் கழுவி, இடுக்குகளை அடைத்து, விடுமுறையின் முதல் வாரத்திலேயே புறப்பட்டோம். முன்னே வண்டி, பின்னே நாங்கள். அந்த வாரம் மலையில் நல்ல மழை. மகாவலிக் கரையில் வசிப்பவர்கள் மழைக்காலத்தில் வள்ளத்தைக் கண்டால் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வருவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. எங்களுக்கு வள்ளம் என்றால் மீன், காற்று, பயணம். அவர்களுக்கு வள்ளம் என்றால் வெள்ளம்.

கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் நாங்கள் நுழைந்ததும் ஒருவர் கோழிகளைக் கூரைமேல் ஏற்றினார். ஒரு பெண் அலுமாரியிலிருந்த புடவைகளைப் படுக்கைப் பாயில் போட்டுக் கட்டினாள். பலசரக்குக் கடை முதலாளி அரிசி மூட்டைகளைப் பரணில் ஏற்றத் தொடங்கிவிட்டார். நான் வண்டியை நிறுத்தி, ஆறு பெருகவில்லை, நாங்கள் பொழுதுபோக்காகத்தான் போகிறோம் என்று நிதானமாக விளக்கினேன். ஆபத்து இல்லை என்று சொன்னவனுக்கு நன்றி சொல்வதுதானே முறை? முதலாளி தோளில் மூட்டையோடு என்னைப் பார்த்துக் கத்தினார்: "வெள்ளமே வராம வள்ளத்த எதுக்குங்க தெருவுல கொண்டாறீங்க? ஏத்துன மூட்டைய இனி யாரு எறக்குறது, நீங்களா?"

யானைத்துறை

ஆம், நான்தான் இறக்கினேன். முதுகுவலி தீர அடுத்த வாரமாகிவிட்டது.

அந்த வாரம் ஆற்றங்கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். கட்டுகஸ்தோட்டைத் துறையில் ஒரு யானை பக்கவாட்டில் படுத்திருந்தது. பாகன் அதன்மேல் குந்தியிருந்து தேங்காய் மட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆறு எல்லோருக்கும் பொது. நான் யாருக்கும் இடைஞ்சலில்லாமல் தள்ளி நின்று, பாய்மரத்தை நட்டு, பாயை ஏற்றினேன். காற்றில் பாய் ஒருமுறை படபடத்தது.

யானை எழுந்தது. பாகன் விழுந்தான். அவ்வளவு பெரிய பிராணி கரையேறி, ஒரு பலாமரத்தின் பின்னால் போய் நின்று, தும்பிக்கையை மட்டும் நீட்டி எங்களைப் பார்த்தது. பாயை இறக்கும்வரை அது வராது என்றார்கள் கரையில் நின்றவர்கள். இறக்கினேன். குளிப்பு முடிய வெயில் தாழ்ந்துவிட்டது. மகாவலி இருநூறு மைல் ஓடுகிறதே, ஒரு யானைக்காக முழு ஆற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று நான் கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே அந்தச் சிங்களப் பாகன் தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னான்: "ஆனை தினம் இங்கதான் குளிக்கிறது மஹத்தயா. நீங்க வேட்டிய வேற எடத்தில காயப்போடுங்க."

கந்தூரி

மூன்றாம் முறை ஆற்றை எட்டவேயில்லை. வழியில் வண்டிச்சில்லு உடைந்தது. சில்லு திருத்தும்வரை வள்ளம் தன் வளவில் பத்திரமாக இருக்கும் என்றார் ஹமீது நானா. நம்பி விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனால் வளவில் வள்ளம் இல்லை. பள்ளிவாசலில் கந்தூரி நடக்கிறது, அங்கே பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். வாழையிலை விரித்த என் வள்ளத்தில் அணியம் என்கிற முன்மூக்கு வரைக்கும் நெய்ச்சோறு. பின்பக்கம் பலகையால் மறித்து, ஆனம் என்று அவர்கள் சொல்லும் இறைச்சிக் குழம்பு. என் பாய் பந்தலாகியிருந்தது. ஊரே சாப்பிட்டு எழும்பியிருந்தது. ஒரு வார்த்தை கேட்டார்களா? என்னையும் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். வாய் நிறையச் சோற்றோடு ஒரு மனிதன் எப்படிக் கோபப்படுவது? வள்ளம் நெய்வாசத்தோடு வீடு வந்த அன்று முதல் எங்கள் முற்றத்துக்கு வராத காகம் கண்டியில் இல்லை. தங்கம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஹமீது நானாவோ எனக்குப் பேருதவி செய்த முகத்தோடு சொன்னார்: "ஆனம் ஊத்தியும் ஒரு சொட்டு ஒழுகல்ல மாஸ்டர். இனி நீங்க பயப்படாம புள்ளகள ஏத்தலாம்."

விடுமுறையின் கடைசி நாள்

கடைசி நாள் வந்துவிட்டது. அன்று ஓடாவிட்டால் வள்ளம் பாக்குத் தொட்டி. யானைகள் வராத மேல்துறைக்குப் போனோம். ஹமீது நானா வெறும் வண்டியோடு கரையில் காத்திருந்தார். முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. பிள்ளைகள் அணியத்தில், தங்கம்மா இடியப்பப் பொதியோடு நடுவில், நான் சுக்கானில். சுக்கான் பிடியை ஒரு பக்கம் தள்ளினால் வள்ளம் மறுபக்கம் திரும்பும் என்று வகுப்பில் சொல்வதுபோல் விளக்கினேன். அவள் கொட்டாவி விட்டாள்.

பாய் நிறைந்தது. ஆறு தண்ணீர்ச் சத்தத்தோடு பின்னால் ஓடியது. மகள் கைதட்டினாள். பத்துத் தென்னை உயரம்கூடப் போயிருக்கமாட்டோம். வள்ளம் மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. நான் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினேன். வள்ளம் சர்ரென்று கிளம்பியது. நான் முகம் குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால் மனைவியும் மக்களும் பாய் விரித்தபடி போய்க்கொண்டிருந்தார்கள்.

முட்களுக்குள்ளால் கரையோரமாக ஓடினேன். பாயை இறக்கு என்று கத்தினேன். ஆற்றுச் சத்தத்தில் என் குரல் அவர்களை எட்டவில்லை. வளைவுக்கு அப்பால் கற்பாறைகள் இருப்பது எனக்குத் தெரியும். பாறைகளுக்கு முன்னால் சுக்கான் பிடியைத் தங்கம்மா நிதானமாகத் தள்ளுவது தெரிந்தது. வள்ளம் மூக்கைத் திருப்பி, ஒரு பசு தொழுவத்துக்குள் நுழைவதுபோல் கரையில் வந்து ஒட்டியது.

நான் சேற்றோடு போய்ச் சேர்ந்தபோது மூவரும் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நால்வரும் ஓடியது ஓடியதுதான், கொஞ்சத் தூரமானாலும் கணக்குத்தான் என்று வாதாட மூச்சை இழுத்தேன். தங்கம்மா எனக்கு இடம் கொடுக்கவில்லை. "பாரம் குறைஞ்சவுடனை எவ்வளவு வடிவா ஓடுது பாத்தியளே! ஹமீது நானாவைப் பாக்குக்கு வேறை தொட்டி பாக்கச் சொல்லுங்கோ. சனிக்கிழமையும் வருவம், நீங்கள் அவரோடை வண்டியிலை வாங்கோ."

அந்த வள்ளம் பல ஆண்டுகள் எங்களிடம் இருந்தது என்றாலும், ஹமீது நானாவின் வண்டியில் வந்த நான்தான் அதன் சொந்தக்காரன் என்பதைக் கண்டியில் கடைசிவரை ஒருவரும் நம்பவில்லை.