மாட்டுப்பால் என்று எழுதவில்லை

நான் வாத்தியாராக நிலைக்காமல் போனதற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம் என்றால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் பள்ளியில் தற்காலிக வாத்தியாராக இருந்தேன். வருஷக் கடைசிக்குள் பயிற்சிச் சான்றிதழ் வாங்காவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று தோட்டத்துத் துரை கறாராகச் சொல்லிவிட்டார். பள்ளியில் வேலை இல்லாதவனைப் பயிற்சியிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு இருந்தது ஒரே ஒரு பரீட்சை.

டவுனில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பள்ளியின் பின்கட்டில் சனிக்கிழமைகளில் பயிற்சி நடக்கும். கல்லூரி என்பார்கள், இரண்டே அறை, ரயில் போனால் கரும்பலகை ஆடும். மூன்று வருஷம் அங்கே உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதப் படித்தேன். கடைசியில் பரீட்சைக்காரர் முன்னால், நிஜப் பிள்ளைகளுக்கு ஒரு பொருட்பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பொருளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒரு வாரம் முன்னதாகவே அறிவிப்பு ஒட்டினார்கள்: ‘பொருள்: பால்.’ எல்லோருக்கும் அதேதான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்தில் தேத்தண்ணிக்கு ஊற்றுவது டின்பால். மாடு கறந்தால் அது மாட்டுப்பால். வெறுமனே பால் என்றால் மரத்துப்பால்தான். பால் வெட்டு, பால் வாளி, மழை வந்தால் பால் கெட்டுப்போச்சு என்று விடிந்தது முதல் அதே பேச்சு. ஒரு பாட்டிலில் ரப்பர் பால் பிடித்து, உறையாமலிருக்க அமோனியா விட்டு, வெட்டும் கத்தியையும் மரத்திலேயே காய்ந்துபோன ஒட்டுப்பால் உருண்டை ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு காலை ரயிலேறினேன்.

பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் எதிரே உட்கார்ந்தான். மூன்று வருஷமாகப் பயிற்சியில் ஒரே பெஞ்சு, ஒரே பொட்டலத்துச் சோறு. அவன் மடியில் துண்டு போர்த்திய செம்பு இருந்தது. குடிதண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

“பாட்டில்ல என்னடா?”

“பால்தான்.”

திறந்து மோந்து பார்த்தான். மூடி என்னிடமே கொடுத்தான். “அமோனியாலாம் போட்டிருக்கியே. நல்லா நடத்துடா,” என்றான்.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பரீட்சைக்காரர் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர். தலைப்பாகை, மூடிய கோட்டு. நான் உற்சாகமாக ஆரம்பித்தேன்: “பிள்ளைங்களா, பால் எங்கேயிருந்து வருது?”

“மாடு, சார்!” என்று வகுப்பே கத்தியது.

டவுன் பிள்ளைகள், பாவம், ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்தேன். “இல்லை,” என்றேன் சிரித்துக்கொண்டே. “மரத்திலிருந்து.”

பரீட்சைக்காரரின் பேனா நின்றது. நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.

“என்ன ஐயா இது? இதைக் குழந்தைக்குக் கொடுப்பீரா?”

அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமோனியா நெடி வேறு. உட்காரச் சொல்லிவிட்டார். அடுத்து என் சினேகிதன் போய்ச் செம்பின் மேலிருந்த துண்டை எடுத்தான். ஆடை மிதக்கும் பசும்பால்.

திரும்பும்போது பிளாட்பாரத்தில் கேட்டேன்: “ரயில்லயே பாத்தல்ல? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா?”

“சொல்லியிருந்தா நீ பாஸாயிருப்பே,” என்றான் அவன். “எங்க பள்ளிய மூடப்போறாங்க. அப்புறம் நான் எங்க போறது?”

பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அடுத்த மாதம் எங்கள் தோட்டப் பள்ளிக்கு அவனே வந்தான். துரை இரக்கப்பட்டு எனக்குப் பால் ஸ்டோரில் வேலை கொடுத்தார். அவனைக் கண்டால் வேறு பாதையில் போவேன். லயத்தில் அவனைப் பற்றிக் கேவலமாகப் பேசினேன், இல்லாததையும் சேர்த்து.

என் மகளுக்கு ஆறு வயதானது. தோட்டத்தில் வேறு பள்ளி கிடையாது, அவனிடமே அனுப்பினேன். மூன்றே மாதத்தில் பழைய பேப்பரை எழுத்துக் கூட்டாமல் படித்தாள். ஒருநாள் பள்ளிச் சுவரோரம் நின்று அவன் பாடம் நடத்துவதைக் கேட்டேன். அவன் என்னைவிட நல்ல வாத்தியார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.