மாதுளை மரம் போட்டிருந்த மேஜோடு

முத்தையனின் பாதத்தை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு ஜெபம் வரவில்லை, குமட்டல்தான் வந்தது. பிரியமானவர்களே, சாட்சி என்றால் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்?

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது பெருவெள்ளத்தில் குடிசையை இழந்தவர் அவர். அதுமுதல் சுசீந்திரம் சாலையோரத்தில் வழிப்போக்கர் தங்கும் வழியம்பலமே வீடு. சந்தையில் தலைச்சுமடு எடுத்துப் பிழைப்பு. உள்ளங்காலில் முள் குத்திப் புரையோடிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் சொன்னார்: "கட்டு நழுவாமல், சேறு படாமல் பார்த்துக்கொள்ளும். இன்னொரு முறை சீழ் வைத்தால் பாதத்தை எடுத்துவிட வேண்டியதுதான்."

ஆடிச் சாரல். சுவரில்லாத அம்பலம். காலையில் கட்டிய துணி மத்தியானம் சேற்றில் கிடக்கும்.

"கால் போச்சுன்னா பின்ன பிச்சதான், வாத்தியாரே," என்றார் முத்தையன். "சுமட்டுக்குத் தலய நீட்டித்தான் பழக்கம். கைய நீட்டிப் பழக்கமில்ல."

நான் நிறையப் படித்தவன். எந்த ஆபத்துக்கும் ஒரு மேற்கோள் வைத்திருப்பேன். அன்று மேற்கோளை விட்டுவிட்டு எழுந்து நடந்தேன். ஆலயத்தில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, அந்தக் கட்டு நிற்கட்டும்." அவ்வளவுதான். என் நீண்ட ஜெபங்களில் தூங்கிப் பழகிய சபையார் கேட்டிருந்தால் அன்றே ஸ்தோத்திரக் காணிக்கை போட்டிருப்பார்கள்.

வெளியே வந்தேன். போதகர் வீட்டு மாதுளை மரம் மேஜோடு போட்டுக்கொண்டு நின்றது.

சீமைச் சபைச் சகோதரிகள் அன்பு மிகுதியால் ஒரு பெட்டி நிறைய நூல் மேஜோடு, துரைமார் சப்பாத்துக்குள் போடும் காலுறைகள், பின்னி அனுப்பியிருந்தார்கள். நம் சபையில் செருப்புப் போடுகிறவரே அபூர்வம். அறுப்புப் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் தொண்டை கிழியக் கூவினேன். வாழைக்குலை போயிற்று, மேஜோடு போகவில்லை. கடைசியில் போதகரம்மா அவற்றை அணிலுக்குப் பயந்து மாதுளங்காய்களுக்கு மாட்டிவிட்டார். அத்தனை சாரலிலும் ஒன்றுகூட நழுவவில்லை.

"அம்மா, இந்த மேஜோடு எனக்கு வேணும்."

"எதுக்கு? வாத்தியார் துரை ஆகப் போறேளா?"

"முத்தையனுக்க காலுக்கு. கட்டு நிக்கணும்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. அவரே கொப்பை வளைத்து ஒவ்வொன்றாக உருவினார்.

கட்டின் மேல் மேஜோடு போட்டதும் முத்தையன் அம்பலத்துக் கூட்டாளிகளிடம், "ஏலே, துரை வந்திருக்கேன், எந்திச்சு நில்லுங்கலே!" என்றார். பல நாளைக்குப் பிறகு அங்கே சிரிப்புக் கேட்டது.

ஆனால் நனைந்ததை மாற்ற வேண்டுமே. வீடில்லாதவர் எங்கே வெளுப்பார், எங்கே உலர்த்துவார்? நெல் அவிக்கும் பானையில் கொதிக்க வைக்கலாம் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

"சீழ் பட்டத சோத்து நெல்லு அவிக்குத பானையிலயா? ஒமக்குப் புத்தி இருக்கா?"

திட்டிக்கொண்டே ஒரு பழைய பானையைத் தேடி எடுத்தாள். கொதிக்க வைத்தாள். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டாள். காணிக்கைக்குக் கைப்பிடி அரிசி சேர்க்க வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுவாரம் முதல் அரிசிப் பெட்டி போன வீடெல்லாம் வெளுக்க வேண்டிய மேஜோடும் போயிற்று. அம்பலத்தில் கால் வெடித்துக் கிடந்த மற்றவர்களுக்கும் வெளுத்த மேஜோடு கிடைத்தது.

புண் ஆறியது. கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். அடுத்த அறுப்புப் பண்டிகையில், போதகரம்மா படைத்த பலாப்பழத்தைத் தலையில் வைத்து, இரண்டு கால்களாலும் நடந்து வந்தவர் முத்தையன். நான் ஏலம் கூவ முடியாமல் அழுதேன். அந்த வருஷத்து மாதுளை முழுவதும் அணிலுக்கு, அதற்கும் ஸ்தோத்திரம்.

அன்றுமுதல் என் ஜெபம் சுருங்கிவிட்டது. நம்பிக் கேளுங்கள், அன்பானவர்களே. ஆனால் ஆமென் சொன்னதும் கண்ணைத் திறந்துவிடுங்கள். பதில் பக்கத்து மரத்திலேயே தொங்கும். பறித்து வெளுக்க வேண்டியது மட்டும் நம் வேலை.