மாப்பிள்ளை தந்த வாட்ச் எந்த வருடத்தது?

2025 மார்ச் 9, ஞாயிறு, காலை 10.40. ஃபிரிஸ்கோவில் தூறல். என் எழுபதாவது பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை தந்த விலையுயர்ந்த வாட்ச்சை மேசைமேல் வைத்தேன். அது புதியதுதானா என்று எனக்குச் சந்தேகம். வரிசை எண்ணை வைத்து வருடம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் முந்தைய நாள் ஒரு கடைக்காரரிடம் கொடுத்து, பட்டைக் கொக்கியின் உள்ளே இருந்த குறியீட்டைப் படிக்கச் சொன்னேன். 2010 என்றார்.

“பதினஞ்சு வருஷப் பழசு, மாப்பிள்ளை. யாரு கட்டிக் கழட்டினது?” என்று மகள் முன்னாலேயே கேட்டேன்.

“அப்பா, கிஃப்டைப் போய் செக் பண்ணுவீங்களா?” என்றாள் மகள்.

மாப்பிள்ளை கோபப்படவில்லை. “யாரும் கட்டல மாமா. எங்கப்பாவோட எழுபதுக்கு வாங்கினேன். கொண்டுபோய்க் கொடுக்கிறதுக்குள்ள போயிட்டார். இத்தனை வருஷம் வேற யாருக்கும் கொடுக்க மனசு வரல.”

கையை நீட்ட எனக்குத் துணிவில்லை. அவரே என் கையைப் பிடித்துக் கட்டிவிட்டார். வருடத்தை நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன். கடைக்காரர் அதற்கு வாங்கியது நாற்பது டாலர்.