எத்தாளைக் கிடாயும் நான் சொல்லாமல் விட்ட ஊசியும்

கற்பிட்டிப் பக்கம் போகிறவர்கள் டொல்பின் பார்க்கப் போவார்கள். நான் போனது ஓர் ஆட்டுக் கிடாயைப் பார்க்க. போர் முடிந்து ஏழாவது வருடம், ஜூலை மாதம். குருநாகலுக்கு அருகே ஒரு கால்நடைப் பண்ணையில் அப்போது எனக்கு மிருக வைத்தியர் வேலை. பரிசோதனை முடிந்து மிஞ்சிய கிடாய்க்குட்டி ஒன்றை எத்தாளையில் ஆடு வளர்க்கும் பௌசியா தாத்தாவுக்கு நான்தான் கொடுத்திருந்தேன். (இங்கே முஸ்லிம்கள் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள்.) தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். கிடாய்க்கு இரண்டு வயதானபோது தொலைபேசியில் அழைத்தார். பன்னிரண்டு பெட்டைகளில் நான்குதான் சினை.

காலை ஐந்தரைக்குக் குருநாகலில் பஸ் ஏறினேன். புத்தளம் வரை 87 கிலோமீற்றர், 120 ரூபாய். எட்டேகாலுக்கு இறங்கி, பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுக் கற்பிட்டி பஸ் பிடித்தேன். எத்தாளைக்கு 55 ரூபாய், ஒரு மணி நேரம். நுரைச்சோலை தாண்டியதும் காற்றோடு மணலும் ஜன்னலால் வரும். இறங்கியதும் ஓட்டோக்காரர் கேட்டார்: "கடலுக்கா சேர்? இப்ப போட் ஓடாது, காத்து." ஆட்டுக்கு என்றேன். இன்னொரு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டோவை எடுத்தார்.

கிடாய் வேலியோரம் நின்றது. தாடி, கொம்பு, நாற்றம் எல்லாம் சரி.

"வாசத்துக்கு ஒண்டும் கொறையில்ல சேர். பெட்டையளயும் உடுறானில்ல. புள்ளதான் தங்குதில்ல" என்றார் தாத்தா.

நாடாவால் விதைப்பையைச் சுற்றி அளந்தேன். பத்தொன்பது சென்ரிமீற்றர். அடுத்த வீட்டில் அதே வயதுக் கிடாய்க்கு இருபத்தாறு. விந்தெடுத்து, கொண்டுபோன சிறு நுண்ணோக்கியில் பார்த்தேன். அணுக்கள் நன்றாக நீந்தின, ஆனால் மிகக் குறைவு.

காரணம் எனக்குத் தெரியும். பிறந்த முதல் வாரங்களில், மூளையிலிருந்து விதைக்குப் போகும் ஹோர்மோன் கட்டளையை நிறுத்தும் ஊசியை அதற்குப் போட்டிருந்தோம். விந்தணுக்களை வளர்த்தெடுக்கும் தாதிக் கலங்கள் (செல்கள்) பெருகுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். பிறகு ஹோர்மோன் திரும்பி வந்தது, ஆண்மைக் குணமும் வந்தது. கலங்களின் எண்ணிக்கை மட்டும் ஈடாகவில்லை. அதைச் சொன்னேன்.

"அதுக்கு இப்ப மருந்து இரிக்கா?"

"இல்லை தாத்தா."

"ஊசி போட்டது தரக்குள்ளயே தெரியுமா ஒங்களுக்கு?"

"ஓம். பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்."

தாத்தா வாளியை எடுத்துக்கொண்டு போனார். பெட்டைகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தார்.

"அண்டைக்கே செல்லியிருந்தா அடுத்தூட்டுக் கெடாவயும் சேத்து உட்டிருப்பன். ஒரு வருசம் போச்சு சேர்."

அணு சேர நாளெடுக்கும், வாரத்துக்கு ஒரு பெட்டைக்கு மேல் அதனிடம் விட வேண்டாம், மற்றவற்றை அடுத்த வீட்டுக் கிடாயிடம் விடுங்கள் என்றேன். தேநீர் தந்தார். பின்னேரம் மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். ஏழு மாதம் கழித்துத் தொலைபேசியில் சொன்னார்: நம் கிடாயிடம் விட்ட மூன்று பெட்டைகளும் ஈன்றுவிட்டன. குரலில் பழைய இணக்கம் இல்லை.

போகிறவர்களுக்கு: டொல்பினுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்லது. ஜூலையில் மணல் காற்றுக்குக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள். கிடாய்க்குட்டி வாங்குவதாயிருந்தால், முதல் மாதத்தில் அதற்கு என்ன ஊசி போட்டார்கள் என்று கேளுங்கள். படித்தவன், டொக்டர் என்று பார்த்துக் கேட்காமல் விடாதீர்கள். தாத்தா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.