சிகாமணி வாத்தியாரின் வாழ்க்கைக் குறிப்பு

நான் ஏழாவது படித்தபோது எங்கள் பள்ளியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். கலையிலோ தொழிலிலோ பெயர் எடுத்து மறைந்த ஒருவரைப் பற்றி ஆளுக்கொரு சார்ட் எழுத வேண்டும். பாடப்புத்தகத்தில் வருபவர்கள் வேண்டாம், சுற்றுவட்டாரத்து மனிதராக இருக்கட்டும் என்று தமிழ் மிஸ் சொல்லிவிட்டார். நெய்வேலியில் இது லேசான காரியமில்லை. எங்கள் பிளாக்கில் பெயர் எடுத்து மறைந்தவர் யாருமே இல்லை. எல்லோரும் எந்தெந்த மாவட்டத்திலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. சாப்பிட்டுக்கொண்டே வழி காட்டினார்.

"சிகாமணி வாத்தியார எழுது பாப்பா. கூத்துல அவரு ராணி வேஷம் கட்டினா பொம்பளைங்களே வாயப் பொளந்துகினு பாப்பாங்க."

அந்தக் கூத்து வாத்தியார் பிறகு குறிஞ்சிப்பாடியில் டிரஸ் வாடகைக் கடை வைத்தாராம். கடலூர் வரைக்கும் பள்ளி ஆண்டு விழாக்களில் வந்துபோன ராஜாக்கள், மந்திரிகள், போலீஸ்காரர்கள் எல்லோரும் அந்தக் கடையிலிருந்து கிளம்பியவர்கள்தான்.

"இப்ப எங்க மாமா இருக்காரு?"

"அவரா? கடைய மூடிட்டு எப்பவோ போய்ச் சேந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு மாமா அம்மாவிடம் ரசம் கேட்டார்.

எனக்கு ஒரே சந்தோஷம். கலை, தொழில், மறைவு மூன்றும் பொருந்தி வந்த ஆள். எழுதி முடித்தபோது சார்ட்டின் கீழே பாதி இடம் மீதமிருந்தது. அதை வீணாக்காமல் வாத்தியாரின் இறுதி ஊர்வலத்தை எழுதினேன். குள்ளஞ்சாவடியில் கடைகளை அடைத்தேன். வடலூர் சாலையில் பஸ்களை நிறுத்தினேன். அவருடைய கிரீடத்தை ஒருவர் தாம்பாளத்தில் ஏந்தி முன்னால் நடக்க, பத்தாயிரம் பேர் அழுதுகொண்டே பின்னால் போனார்கள். எழுதி முடித்து எனக்கு நானே இரண்டு முறை சத்தமாகப் படித்துக்கொண்டேன்.

கண்காட்சியன்று காலையில் மாமா ஒரு பெரியவரோடு வந்தார்.

"யாரு வந்துருக்காங்க பாரு. சிகாமணி வாத்தியாரு. நெல்லிக்குப்பத்துல மக வூட்ல இருந்தவர பஸ்ல இட்டுகினு வந்தேன்."

மாமா சார்ட்டைப் படித்திருக்கவில்லை. அவர் சொன்ன போய்ச் சேர்ந்த இடம் நெல்லிக்குப்பம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சார்ட்டின் கீழ்ப்பாதியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். பெரியவர் கண்ணாடியை மாட்டி மேல்பாதியை நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்க. கொஞ்சம் நகந்துக்க கண்ணு."

"முடிஞ்சிடுச்சு தாத்தா."

"கீழ இன்னும் எழுத்து தெரியுதே."

நகர்ந்தேன். வேறு வழியில்லை. அவர் விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மாமா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"பத்தாயிரம் பேரா?" என்றார் வாத்தியார்.

"ஆமா தாத்தா."

"மழை பேஞ்சுதா?"

"இல்ல."

"நல்ல வேள. கிரீடத்துல ஒட்டுன ஜிகினா நனைஞ்சி போயிருக்கும்."

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து நானும் அழத் தயாரானேன். சிரித்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து ஓடிவந்த மிஸ், கண்காட்சி மறைந்தவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிச் சார்ட்டைக் கழற்றப் போனார். வாத்தியார் தடுத்தார்.

"இருக்கட்டும் டீச்சர். சாயங்காலம் வரைக்கும்தான. அதுவரைக்கும் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

சொன்னபடியே இருந்தார். சார்ட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யாராவது ஊர்வலம் வரை படித்து வந்ததும் ராணியின் குரலில், "யாரங்கே, என் சாவுக்கு வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போவது?" என்பார். கூட்டம் சேர்ந்துவிட்டது. மற்ற சார்ட்டுகளில் இருந்தவர்களை அன்று யாரும் சீண்டவில்லை. செத்தால் வலிக்குமா என்று கேட்ட இரண்டாம் வகுப்புப் பொடியனிடம், "அது வலிக்கல. பஸ்ல நின்னுகினு வந்ததுதான் வலிச்சிது" என்றார். சாயங்காலம் பாட்டும் பாடினார். மிஸ்கூடத் தாளம் போட்டார். பரிசு மட்டும், உண்மையாகவே இறந்துபோயிருந்த ஒரு வெல்ல வியாபாரியைப் பற்றி எழுதிய பையனுக்குப் போனது.

கிளம்பும்போது சார்ட்டைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை மேசைமேல் விரித்தார்.

"கண்ணு, ஊர்வலத்த அப்படியே உட்டுடு. அதுல என் பேர மட்டும் அடிச்சிட்டு அஞ்சலைன்னு எழுது."

"அவங்க யாரு தாத்தா?"

"என் சம்சாரம். கடையில இருந்த துணி பூரா அவ தச்சதுதான். ரெண்டு வருசம் ஆச்சு."

"அவங்களுக்கு இவ்ளோ பேர் வந்தாங்களா?"

"ஒரு பன்னெண்டு பேர் வந்தாங்க."

ஸ்கெட்ச் பேனாவால் அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். மை காயும்வரை ஊதிவிட்டு, அவர் சார்ட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமாவிடம் கோபித்துக்கொண்டேன். பன்னிரண்டு பேர் வந்த சாவுக்குப் பத்தாயிரம் பேர் வந்ததாக இருந்தால் அது தப்பில்லையா, தாத்தாவுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டேன்.  மாமா என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.